மீனுக்குத் தண்ணீர் விடும் நேரம்

அதுவரை குருநாதனுக்கு மீனைக் குழம்பில்தான் தெரியும். மதுரையில் நூல் வியாபாரி ஒருவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, சோபாவுக்கு எதிரே கண்ணாடித் தொட்டிக்குள் தங்க நிறத்தில் நாலைந்து நீந்துவதைப் பார்த்தார். கொடுத்த காப்பியை ஆறவிட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குத் திரும்பிய மறுநாள் காலையிலேயே பைப்பும் மோட்டாரும் மாட்டுகிற பிட்டர் வேல்சாமிக்கு ஆள் போயிற்று. வியாபாரி வீட்டுத் தொட்டி நாலடி. இவருக்கு எட்டடி வேண்டும். எட்டடியை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாது. எட்டு நாலைவிடப் பெரியது என்பது தெரியும். அந்த மட்டுக்கு அவர் படித்திருந்தார்.

சங்கரன்கோவிலில் அப்போது இருபத்துநாலு பவர்லூம் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். தறிக்கூடத்தை ஒட்டி மாடி வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஹாலில் மொசைக் தரை, கதவுக்குக் கதவு பித்தளைப் பிடி, வருகிறவன் அண்ணாந்து பார்த்தே தீர வேண்டும் என்று ஒரு தொங்கு விளக்கு. ஹாலின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சந்து. சந்தில் பதினெட்டு லைன் வீடுகள். தறி ஓட்டுகிறவர்களும் தறி நூலைக் குச்சியில் தார் சுற்றுகிற பெண்களும் அங்கே குடியிருந்தார்கள். வேல்சாமியும் அங்கேதான். அவன் பெண்டாட்டி பேச்சித்தாய் குருநாதனின் கூடத்தில் தார் சுற்றினாள்.

லைன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வாயில் ஊற்றினால் நாக்கு சுருண்டுகொள்ளும். குடிக்கிற தண்ணீருக்கு ரயில்வே கேட்டைத் தாண்டித் தோட்டக் கிணற்றுக்குப் போக வேண்டும். நாள் முழுக்கத் தார் சுற்றிக் கழன்றுபோன தோளோடு பெண்கள் தலையில் ஒன்றும் இடுப்பில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வருவார்கள். அந்த வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தோட்டக்காரனும் நாளுக்கொரு பேச்சுப் பேச ஆரம்பித்திருந்தான். குருநாதன் வீட்டுக் கிணற்றில் நல்ல தண்ணீர், தெளிந்த தண்ணீர். மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றி, காரைக் கழுவி, வாசலைக் கழுவி, குரோட்டன்ஸ் செடியின் இலைகளைக்கூடக் கழுவினார்கள். அந்தத் தண்ணீருக்கும் லைன் வீட்டுக்கும் நடுவில் நின்றது ஒன்பது அங்குலச் சுவர்.

மீன் தொட்டி அந்தச் சுவரை ஒட்டித்தான் வரப்போகிறது என்று கேட்டதும் வேல்சாமிக்கு வேறு எதுவும் காதில் ஏறவில்லை. குருநாதன் கலர் கல்லைப் பற்றியும் உள்ளே எரியப்போகிற பல்பைப் பற்றியும் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தான்.

"மொதலாளி, எப்படியும் செவத்தைத் தொளைக்கப் போறோம். அப்படியே அந்தப் பக்கம் ஒரு கொழாய் வச்சிருதேன். ரெண்டடி பைப்புதான். லைன்காரங்களுக்குக் குடிக்கத் தண்ணி."

குருநாதன் அவனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "மொதல்ல இது ஓடட்டும் வே. மீனுக்கு மிஞ்சினா பாப்போம்."

வீட்டுக்கு வந்து வேல்சாமி இதை ஏதோ வரம் கிடைத்த மாதிரி சொன்னான். பேச்சித்தாய் அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். மீனுக்குத் தாகம் அடங்கியதும் சொல்லியனுப்புவார்களா, நாமே போய்க் கேட்க வேண்டுமா என்று அவள் விசாரித்தாள்.

ஆனாலும் அவனுக்கு ஒரு யோசனை இருந்தது. எட்டடி நீளம், மூன்றடி உயரம், மூன்றடி அகலம் என்றால் நூற்றுமுப்பது குடத்துக்கு மேல் பிடிக்கும். தினமும் மாற்றினால் எந்தக் கிணறும் தாங்காது. அதே தண்ணீரை வடிகட்டித் திரும்பத் திரும்ப ஓட்டினால் நாளைக்கு இரண்டு குடம் ஊற்றினால் போதும், மிச்சம் மிச்சம்தான். மறுநாள் போய் இதைச் சொல்லி, வாக்கையும் வாங்கிவிட்டான். ஒரு மாசம் தண்ணீர் மாற்றாமல் ஓட்டிக் காட்டினால் லைனுக்குக் குழாய் வைத்துக்கொள்ளலாம். குருநாதனுக்கு வாக்குக் கொடுப்பது எப்போதுமே சுலபம்.

வேல்சாமி மீன் தொட்டியைக் கண்ணால் பார்த்தவன் இல்லை. கரிவலம்வந்தநல்லூர் முதல் ராயகிரி வரைக்கும் தோட்டக் கிணறுகளில் இறங்கி மோட்டார் மாட்டியவன். முங்கி எழுந்து, பாசியில் வழுக்கி, பைப்பைத் தோளில் தாங்கி வளர்ந்த உடம்பு. மீனைப் பற்றித் தெரியாவிட்டாலும் தண்ணீர் எங்கே போகும், எங்கே நிற்கும் என்று தெரியும். அது போதும் என்று நம்பினான்.

மூன்று பக்கம் செங்கல் கட்டிப் பூசி, முன்பக்கத்துக்கு மட்டும் மதுரையிலிருந்து தடித்த கண்ணாடி வந்தது. மாடிப்படிக்குக் கீழே கிணற்றுக்கு இறக்குகிற சிமெண்ட் உறை ஒன்றை இறக்கி நிறுத்தினான். அடியில் பெரிய ஜல்லி, அதற்கு மேல் பொடி ஜல்லி, அதற்கு மேல் அடுப்புக்கரி, எல்லாவற்றுக்கும் மேல் வைப்பாற்று மணல். மணலை ஏழு தண்ணீர் அலசினான். தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் உறைக்குள் விழுந்து, மணலிலும் கரியிலும் இறங்கி, பக்கத்துச் சின்னத் தொட்டியில் தெளிந்து நிற்கும். அரை ஹெச்.பி. மோட்டார் அதைத் திரும்ப மேலே ஏற்றும். இவ்வளவுதான் விஷயம்.

தண்ணீர் வெளியேறுகிற வாயை அடியில்தான் வைக்க வேண்டும், அழுக்கு அடியில்தானே கிடக்கும் என்று குருநாதன் பிடிவாதம் பிடித்தார். தப்பில்லாத பேச்சுதான். ஆனால் அன்றாடம் கரண்டு போகிற ஊரில் அடியில் வாய் வைத்தால், மோட்டார் நின்ற அரைமணி நேரத்தில் தொட்டி காலியாகி மீனெல்லாம் மொசைக்கில் துள்ளும். வேல்சாமி அடியிலிருந்தே பைப்பை எடுத்து, தண்ணீர் மட்டம் வரைக்கும் மேலே ஏற்றி வளைத்து இறக்கினான். வளைவின் உச்சியில் காற்றுப் புக ஒரு துளையும் போட்டான். இனி கரண்டு போனாலும் மட்டத்துக்குக் கீழே ஒரு சொட்டு இறங்காது. அதைக் குருநாதனுக்கு மூன்று தடவை விளக்கினான். மூன்று தடவையும் அவர் புரிந்தது என்றார்.

புதுச் சிமெண்டின் காரம் போக வாழைத்தண்டை வெட்டிப் போட்டு நாலு நாள் ஊறவைத்து, வடித்து, மறுபடியும் ஊறவைத்தான். மீனுக்குக் கூட்டு வைக்கிறானா, பொரியலா என்று குருநாதன் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். வருகிறவர்களும் சிரித்தார்கள். பெரும்பாலும் அவரிடம் நூல் விற்கவோ துண்டு வாங்கவோ வந்தவர்கள்.

பாலிதீன் பைகளில் காற்றடைத்து நாற்பது மீன்கள் காரில் வந்து இறங்கின. சிங்கப்பூர் மீன் என்று சொல்லிக்கொண்டார் குருநாதன். வடிகட்டி மதராஸ் இஞ்சினியர் வந்து செய்தது என்றும் சொல்லிக்கொண்டார். வேல்சாமி கையில் பைப் ரிஞ்சோடு பக்கத்தில் நின்றபோதே ஒருதடவை அப்படிச் சொன்னார். அவன் குனிந்து நட்டை இறுக்கினான். அவனுக்கு மாசம் முடிய வேண்டும்.

பத்தொன்பது நாள் ஓடியது. தொட்டியின் பின்பக்கம் அடித்திருந்த நீலப் பெயிண்டில் தூரிகை இழுத்த கோடுகள்கூடத் தெரிகிற அளவுக்குத் தண்ணீர் தெளிவாக இருந்தது. தினமும் காலையில் வேல்சாமி வந்து மணலின் மேல்பரப்பைக் கையால் லேசாகக் கலைத்துவிட்டு, இரண்டு குடம் ஊற்றிவிட்டுப் போனான். லைனில் பெண்கள் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

வருகிறவன் போகிறவனெல்லாம் முறுக்கும் இட்லியும் பிய்த்துப் போட்டதில் இருபதாம் நாள் மீன்களின் உடம்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி கண்டது. குருநாதனின் மனைவி முப்பிடாதியம்மாள் பார்த்தாள். சங்கரன்கோவிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது. சொறியோ சிரங்கோ, அம்மையோ அரிப்போ, உடம்பில் எது கண்டாலும் கோமதி அம்மன் சன்னதியில் புற்றுமண் வாங்கிப் பூச வேண்டியதுதான். மனுஷனுக்குக் கேட்கிற மண் மீனுக்குக் கேட்காதா. மீனைப் பிடித்துப் பூச முடியாது என்பதால் ஒரு தட்டு நிறைய மண்ணைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றிவிட்டுக் கும்பிட்டாள்.

மறுநாள் காலையில் தொட்டித் தண்ணீர் டீக்கடை டீ மாதிரி கலங்கி நின்றது. நைசான புற்றுமண் மணலின் மேல் போய்ப் படிந்து, நெய் தடவின மாதிரி மூடிவிட்டது. தண்ணீர் இறங்க வழியில்லை. உறை நிரம்பி வழிந்து ஹாலுக்கு வந்தது. தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த ஒரு வியாபாரிக்குச் சிங்கப்பூர் மீனைக் காட்ட வேகமாக வந்த குருநாதன் அந்தச் சேற்றில் கால் வைத்து, வேட்டி தனியாக அவர் தனியாக உட்கார்ந்தார்.

வேல்சாமி வந்து உறைக்குள் கையை விட்டான். விரலில் வழித்த உடனேயே தெரிந்துவிட்டது. மணலுக்கு மேலே களிமண் படிந்திருக்கிறது என்று மட்டும் சொன்னான். களிமண் எங்கிருந்து வந்தது என்று குருநாதன் கத்தினார். முப்பிடாதியம்மாள் ஒளிக்கவில்லை. தான்தான் அம்மன் மண் போட்டதாகச் சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நின்றாள்.

குருநாதன் வேல்சாமியிடம் திரும்பினார். "ஏலே, அம்மன் மண்ணு பட்டு எவன் வீட்லயாவது எதுவும் கெட்டிருக்கா? சொல்லு. அந்த மண்ணைத் தாங்காத பில்டரு என்ன பில்டரு?"

வேல்சாமி என்ன சொல்வான். மண்தான் அடைத்தது என்று சொன்னால் அம்மனைச் சொன்ன மாதிரி. அதுவும் யார் வீட்டில், யார் முன்னால். போன மாசம் பேச்சித்தாயின் முழங்கையில் அரிப்புக் கண்டபோது அவனே கோவிலுக்குப் போய் வாங்கிவந்து பூசியவன். மேல்மணலை ஒரு சாண் வழித்தெடுத்துப் புது மணல் போட்டு மறுபடி ஓடவிட்டான்.

இரண்டு மீனுக்குப் புள்ளி மறைந்திருந்தது. அது எதனால் மறைந்ததோ, முப்பிடாதியம்மாள் வெள்ளிக்கிழமை தவறாமல் மண் கரைத்து ஊற்றினாள். சனிக்கிழமை தவறாமல் உறை அடைத்துக்கொண்டது. மூன்றாவது சனிக்கிழமை குருநாதன் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். இனி வடிகட்டியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சுவரில் ஒரு வாய் வைத்து, மீன் முங்க ஒரு சாண் விட்டு மிச்சப் பழைய தண்ணீரைச் சந்துச் சாக்கடைக்கு விட்டுவிடு, மாடித் தொட்டியிலிருந்து புதுசாக நிரப்பு, தினமும் அப்படியே செய் என்றார். லைனுக்கு ஒப்புக்கொண்ட குழாயை வேல்சாமி நினைவுபடுத்தினான். ஒரு மாசம் ஓடவில்லையே என்று அவர் நியாயம் பேசினார். நியாயம் பேசும்போது அவர் முகம் நன்றாகத்தான் இருந்தது.

அப்படியாக நூறு குடம் நல்ல தண்ணீர் தினமும் மீனின் எச்சத்தோடு சந்தில் கொட்ட ஆரம்பித்தது. முதல் நாள் பெண்கள் நின்று பார்த்தார்கள். இரண்டாம் நாள் பேச்சித்தாய் ஒரு வாளியைக் கொண்டுவந்து அந்த வாய்க்குக் கீழே வைத்தாள். துண்டை மடித்து வடிகட்டித் துணி துவைத்தாள். சோப்பு நுரைத்தது. மூன்றாம் நாள் வரிசையும், நாலாம் நாள் வரிசைச் சண்டையும் வந்தன. தோட்டக் கிணற்றுக்கு நடக்கத் தெம்பில்லாத இரண்டு வீட்டில் அதைக் காய்ச்சிக் குடிக்கவும் செய்தார்கள். மீன் கவிச்சி அடித்தது. அடித்தால் என்ன.

கார்த்திகை முடிவதற்குள் ஊரில் வார்டுத் தேர்தல் பேச்சு வந்தது. ரொம்ப வருஷம் கழித்து நடக்கப்போகிற தேர்தல். குருநாதனுக்கும் நிற்க வேண்டும் என்று தோன்றியது. சந்தில் நடந்துபோகையில் பெண்கள் வாளியோடு நிற்பதைப் பார்த்தவருக்கு உடனே தான் செய்துகொண்டிருப்பது தர்மம் என்று விளங்கியது. அந்த வாயில் ஒரு பித்தளைக் குழாயை மாட்டி, சுவரில் வெள்ளையடித்து, குருநாதன் அவர்களின் நன்கொடை குடிநீர்க் குழாய் என்று பெயிண்டில் எழுதச் சொன்னார். வேல்சாமி அது மீன் கழிவு என்றான். தெளிந்தால் எல்லாம் ஒன்றுதான் என்றார் குருநாதன். கட்சியின் நகரச் செயலாளர் நல்லக்கண்ணு வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு.

இதற்கு முந்தின நாள்தான் குருநாதனுக்கு வியர்த்தது. நல்லக்கண்ணுவுக்கு ஒரு பழக்கம். எங்கே குழாய் திறந்தாலும், அடிபம்பு திறந்தாலும், முதல் தம்ளர் தண்ணீரைத் தானே குடித்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வாயைத் துடைத்துக்கொள்வார். பக்கத்தில் நிற்பவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்துப் போட்டோவுக்கு நிறுத்துவார். பக்கத்தில் நிற்கப்போவது குருநாதன். வேல்சாமிக்கு அவசரமாக ஆள் வந்தது.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் அதுல நல்ல தண்ணி வரணும் வே. எப்படிச் செய்வியோ தெரியாது. காரியம் முடிஞ்சதும் பழையபடி மாத்திரு."

சரி என்றான் வேல்சாமி. மாடியிலிருந்து மீன் தொட்டிக்குப் போகிற நல்ல தண்ணீர் பைப் அந்தச் சுவருக்குள்தான் இறங்கியிருந்தது. சந்துப் பக்கம் நின்று சுவரைக் கொத்தி, பைப்பை அறுத்து, மரை போட்டு, ஒரு டீ ஜாயிண்ட் மாட்டிப் பித்தளைக் குழாய்க்குக் கிளை இழுத்து, மீன் தொட்டி வாயைக் கீழே சாக்கடைக்குத் திருப்பினான். சணலைச் சுற்றிப் பெயிண்ட் தடவி இறுக்கினான். பேச்சித்தாய் சாந்துச் சட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் அவனோடு குடித்தனம் நடத்தியவளுக்கு எந்த இடத்தில் எது வர வேண்டும் என்று தெரியும். கிளைக்குத் தனியாக ஒரு வால்வு போட வேண்டாமா என்று கேட்டாள்.

"போடணும்தான்," என்றான் அவன். பிறகு கொத்தின இடத்தைச் சிமெண்டைத் தாராளமாகப் போட்டுப் பூசினான்.

திறப்புவிழா நன்றாகவே நடந்தது. நல்லக்கண்ணு ஒரு தம்ளருக்கு இரண்டு தம்ளர் குடித்தார். குருநாதனும் குடித்து, சொந்தக் கிணற்றுத் தண்ணீரை முதல்தடவையாக ருசி பார்க்கிறவர் மாதிரி தலையை ஆட்டினார். பெண்கள் கை தட்டச் சொன்னபோது தட்டிவிட்டுக் குடத்தை நீட்டினார்கள். சாயங்காலம் வரைக்கும் குழாயை யாரும் மூடவே இல்லை. பதினெட்டு வீட்டிலும் சட்டி, பானை, அண்டா, தொட்டில் கட்டுகிற இடத்தில் வைத்திருந்த தகர டப்பா முதற்கொண்டு நிரம்பியது.

சாயங்காலம் குருநாதன் கூப்பிட்டு, சரி, கழற்று என்றார்.

"கழத்தலாம் மொதலாளி," என்றான் வேல்சாமி. "சந்துல நின்னுதான் செவத்தை ஒடைக்கணும். உங்க பேரு எழுதின எடம். பொம்பளைக அம்புட்டுப் பேரும் அங்கனதான் நிக்காவ. நீங்களும் கூட வந்து நின்னு சொல்லுங்க, ஒடைக்கேன்."

உள்ளே எந்த வால்வைத் திருப்பினால் நிற்கும் என்று கேட்டார். ஒரே வால்வுதான், மாடிப்படியில் இருப்பது. அதைத் திருப்பினால் லைனுக்கும் நிற்கும், மீனுக்கும் நிற்கும். குருநாதனுக்கு இது மெல்ல மெல்லத்தான் உள்ளே இறங்கியது. இறங்கியதும், பழைய வடிகட்டியை ஓட்டு, மீனுக்குப் புதுத் தண்ணீரே வேண்டாம் என்றார்.

"ஓட்டுதேன். மணலை மாத்தினா நாளைக்கே ஓடும். அம்மாகிட்ட மட்டும் மண்ணு போட வேண்டாம்னு நீங்க சொல்லிருங்க."

முப்பிடாதியம்மாள் சமையலறை வாசலில்தான் நின்றுகொண்டிருந்தாள். குருநாதன் அவளைப் பார்த்தார். என்ன சொல்லப்போகிறார் என்று அவளும் பார்த்தாள். அவர் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். வேல்சாமியை மட்டும் இனி இந்தப் படி ஏறாதே என்று அனுப்பிவைத்தார்.

வீம்புக்கு இரண்டு நாள் வால்வை மூடிவைத்தார். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவற்றைப் பார்க்க ஒரு கல்யாணக் கூட்டமே வருவதாக இருந்தது. வால்வைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு ஒரு மணி நேரம் என்று கணக்கு வைத்தார். சந்தில் குழாய் திறந்திருக்கும்போது தொட்டி நிரம்ப இரண்டு மணி நேரம் பிடித்தது. ஆகவே இரண்டு மணி நேரம்.

ரயில்வே கேட்டுக்கு நடப்பது நின்றது. காலையில் முதலில் எழுந்தவள் சுவர்ப் பக்கம் தலையைத் தூக்கி, மீனுக்குத் தண்ணீர் விட்டாயிற்றா என்று கேட்பாள். உள்ளேயிருந்து முப்பிடாதியம்மாள் பதில் சொல்வாள். இப்படிக் கேட்க யாருக்கும் வெட்கமாக இல்லை. குடம் நிரம்பினால் சரி.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். நாற்பது மீனில் பதினாறு செத்துப்போய்விட்டது என்று வீடு பெருக்கப் போகிற இசக்கியம்மாள் சந்தில் வந்து சொன்னாள். முதலாளிக்கு மீன் அலுத்துவிட்டதாம், வருகிறவர்களுக்கு இப்போது புது டி.வி.யைத்தான் காட்டுகிறாராம். இருக்கிறது செத்துப்போனால் தொட்டியை மூடி மேலே பூஞ்சட்டி வைக்கலாம் என்று பேசிக்கொண்டார்களாம். வரிசையில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தொட்டி நின்றால் வால்வைத் திறக்க அந்த வீட்டில் யாருக்கு என்ன வேலை.

பேச்சித்தாய் நிரம்பிய குடத்தை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். வேல்சாமி வேலைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"எங்கயும் போக வேண்டாம். கொல்லை வழியாப் போயி அந்த மீனுக்கு என்னன்னு பாத்துட்டு வாரும்," என்றாள்.

அவர் தன்னைப் படி ஏறாதே என்று சொல்லியிருப்பதை அவன் நினைவுபடுத்தினான்.

"அவருக்காகவா போகச் சொல்லுதேன். போம்."

அவன் போட்ட பொத்தானை அவிழ்த்தான். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மணல் அலசுகிற சல்லடையை எடுத்துக்கொண்டு, குருநாதன் வீட்டுக் கொல்லைப் பக்கம் நடந்தான்.